பசையில்லாமல் விக்கை உறுதியாக அணிவது எப்படி: கொழும்பின் வெயிலுக்கும் வியர்வைக்கும் ஏற்ற முழுமையான வழிகாட்டி

விக்கை ஆசையோடு வாங்கிவிட்டு, வெளியில் போகும்போது எங்கே நழுவிவிடுமோ என்ற பயத்தில் அதை அலுமாரிக்குள்ளேயே வைத்திருப்பவர்கள் பலர். அந்தப் பயத்தில் நியாயமிருக்கிறது. காலி வீதியில் புறப்பட்டுக்கொண்டிருக்கும் பஸ்ஸில் ஓடி ஏற வேண்டியிருக்கும். முச்சக்கர வண்டியில் இரண்டு பக்கமும் காற்று அள்ளும். வெள்ளவத்தையில் மெரைன் டிரைவ் பக்கம் பின்னேரம் நடந்தால் கடற்காற்று யாருடைய தலையையும் கலைக்காமல் விடாது. இத்தனைக்கும் ஈடுகொடுக்கும்படி ஒரு விக்கைப் பசையோ ஒட்டுநாடாவோ இல்லாமல் தலையில் நிறுத்த முடியும் என்பதையும், அதை எப்படிச் செய்வது என்பதையும் இங்கே விளக்கமாகச் சொல்கிறேன்.

பசையைத் தவிர்க்கச் சொல்வதற்குக் காரணங்கள் உண்டு. விக் ஒட்டும் பசைகள் சிலருடைய தோலில் ஒவ்வாமையை உண்டாக்குகின்றன. கீமோதெரபி எடுத்தவர்களின் உச்சந்தலைத் தோல் ஏற்கெனவே மென்மையாகி, தொட்டாலே நோகும் நிலையில் இருக்கும். பசையைக் கரைத்து எடுக்கப் பயன்படுத்தும் திரவமும் தோலை உலர்த்தும். இவையெல்லாவற்றுக்கும் மேலாக, வருடம் முழுவதும் ஈரப்பதன் நிறைந்த கொழும்பில் வியர்வை பசையின் பிடிமானத்தை வெகு விரைவில் குறைத்துவிடுகிறது. பசையை நம்பியிருப்பவருக்கு அது இளகத் தொடங்கினால் வேறு துணை இல்லை. தலையின் வடிவத்தை நம்பி அணியும் விக்குக்கோ வியர்த்தாலும் பிடிமானம் மிச்சமிருக்கும்.

முதலில் தலையின் வடிவத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

உள்ளங்கையை உச்சந்தலையில் வைத்து, பின்புறமாக மெல்லக் கீழே இறக்கிக்கொண்டு வாருங்கள். கழுத்துக்குச் சற்று மேலே எலும்பு புடைத்திருப்பதும், அதற்குக் கீழே தலை உள்வாங்கிப் பள்ளமாவதும் கைக்குத் தெரியும். விக்கின் பின்விளிம்பு அந்தப் புடைப்புக்கு மேலே நின்றால், எவ்வளவு இறுக்கினாலும் அது மேல்நோக்கி ஏறிக்கொண்டேதான் இருக்கும். ஏனென்றால் அங்கிருந்து உச்சிவரை தலை குறுகிக்கொண்டே போகிறது. பின்விளிம்பு புடைப்புக்குக் கீழே, பிடரிப் பள்ளத்தில் அமர்ந்துவிட்டால் நிலைமை வேறு. குடத்தின் கழுத்தில் கட்டிய கயிறு வயிற்றைத் தாண்டி வர மறுப்பதுபோல அதுவும் புடைப்பைத் தாண்டி மேலே வராது. பசையில்லாமல் விக் அணிவதன் இரகசியம் இவ்வளவுதான். இனிச் சொல்லப்போகும் பட்டி, இலாஸ்டிக், ஊசி எல்லாம் இந்த ஒன்றுக்குத் துணை செய்பவையே. நெற்றியில் இறுக்கினால் தலையிடிதான் மிஞ்சும். பிடிமானம் பிடரியில் இருக்க வேண்டும்.

அளவு எடுத்தல்

தையல்காரர் பயன்படுத்தும் அளவுநாடாவை முன்னே முடி தொடங்கும் கோட்டில் வைத்து, காதுகளுக்குப் பின்னால் கொண்டுபோய், மேலே சொன்ன பிடரிப் பள்ளத்தின் வழியாகச் சுற்றி முன்னே கொண்டுவாருங்கள். நாடா தோலில் படிய வேண்டுமேயன்றி இறுகக் கூடாது. பெரும்பாலான நிறுவனங்களின் நடுத்தர அளவு ஏறத்தாழ 55 முதல் 57 சென்டிமீற்றர் வரை, அதாவது 22 அங்குலம் அளவில் இருக்கும். உங்கள் சுற்றளவு 54 சென்டிமீற்றருக்குக் குறைவானால் சிறிய அளவையும், 58க்கு மேற்பட்டால் பெரிய அளவையும் தேடுங்கள். விக்கின் பின்புறத்தில் உள்ளே இருக்கும் சிறிய பட்டிகளைக் கொக்கி மாற்றியோ வெல்க்ரோவால் ஒட்டியோ இறுக்க முடியும். ஆனால் அவற்றால் ஓர் அங்குலம் அளவுக்குத்தான் திருத்த முடியும் என்பதால், அளவில் பெரிதான விக்கைப் பட்டியால் சமாளிக்கலாம் என்று நினைத்து வாங்க வேண்டாம். துணி மடிந்து, காதுக்குப் பின்னால் புடைத்துக்கொண்டு நிற்கும்.

அளவை எப்போது எடுப்பது என்பதும் முக்கியம். மகரகம அபேக்‌ஷா வைத்தியசாலையிலோ வேறெங்கோ புற்றுநோய்ச் சிகிச்சை தொடங்க இருப்பவர்கள், தங்கள் முடியின் நிறத்துக்கும் சாயலுக்கும் பொருந்துவதை எடுக்க வேண்டும் என்பதற்காக முன்கூட்டியே விக் வாங்குவது நல்ல யோசனைதான். முடியைக் கொட்டச் செய்யும் மருந்தானால், பொதுவாக முதல் மருந்து ஏற்றி இரண்டு மூன்று வாரங்களில் முடி கொட்டத் தொடங்கும். அடர்ந்த முடியோடு எடுத்த அளவு, முடி போனபின் தளர்ந்துவிடும். ஆகவே அப்போது இன்னொருமுறை அளந்து, பட்டிகளை இறுக்கியோ, கீழே விளக்கும் இலாஸ்டிக்கைத் தைத்தோ சரிசெய்ய வேண்டும். பிறகு முடி திரும்ப வளரும்போது இதற்கு எதிர்மாறாகச் சற்றுத் தளர்த்த வேண்டியிருக்கும்.

தலையை ஆயத்தம் செய்தல்

நம் வீடுகளில் விக் நழுவுவதற்கு முதற்காரணம் எண்ணெய். தேங்காய் எண்ணெய் வைக்காமல் தலை வாரிப் பழக்கமில்லாதவர்கள், விக்குக்குக் கீழேயும் கைமறதியாகக் கொஞ்சம் தடவிவிடுவார்கள். எண்ணெய் பட்ட தோலில், பின்னர் சொல்லப்போகும் வெல்வெட் பட்டியும் நிற்காது, சிலிக்கன் பட்டியும் நிற்காது. எண்ணெய் வைத்து முழுகும் வழக்கத்தைக் கைவிடச் சொல்லவில்லை. வெளியே போகாத நாளாகப் பார்த்து அதை வைத்துக்கொள்ளுங்கள். விக் அணியும் நாளில் தலை கழுவி, நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். ஈரமான முடியின் மேல் விக்கைப் போட்டால் பிடிமானம் போவதோடு வாடையும் பிடிக்கும்.

நீண்ட முடி உள்ளவர்கள் அதை ஒரே கொண்டையாகச் சுருட்டி வைத்தால் அந்த இடம் மேடாகி, விக்கின் பின்பகுதியைத் தூக்கிவிடும். நடுவகிடு எடுத்து, இரண்டு தட்டைப் பின்னல்களாகத் தலையை ஒட்டிப் பின்னி, இடப்பக்கத்துப் பின்னலை வலப்பக்கமாகவும் வலப்பக்கத்துப் பின்னலை இடப்பக்கமாகவும் தலையின் பின்புறத்தில் குறுக்காகக் கொண்டுபோய், மெல்லிய ஊசிகளால் படிய வைத்துக் குத்துங்கள். பின்னல்கள் எலும்புப் புடைப்புக்கு மேலே நிற்க வேண்டும். பிடரிப் பள்ளத்தை மூடிவிடக் கூடாது. கழுத்தளவு முடி உள்ளவர்கள் சிறு சிறு கற்றைகளாக எடுத்துத் தட்டையாகச் சுருட்டி ஊசி குத்தினால் போதும். இந்தப் பின்னல்களும் சுருள்களுமே பிறகு ஊசிகளுக்குப் பிடி கொடுக்கப்போகின்றன.

முடியே இல்லாதவர்கள் மென்மையான பருத்தித் தொப்பியை உள்ளே அணியலாம். கடைகளில் எளிதாகக் கிடைக்கும் நைலோன் வலைத்தொப்பி, முடி உள்ளவர்களுக்கு அதை அடக்கி வைக்க உதவுமேயன்றி, வெறுந்தலையில் வழுக்கும். அதை மட்டும் நம்பி விக்கை வைப்பவர்கள்தான் விக் அடிக்கடி பின்னால் போகிறது என்று பெரும்பாலும் குறைப்படுகிறார்கள்.

பிடிமானப் பட்டி

இரண்டு பக்கமும் வெல்வெட் போன்ற மென்மயிர் உள்ள, பின்னால் வெல்க்ரோவால் மாட்டும் ஒரு பட்டி விற்கிறார்கள். பசைக்கு மாற்றாக ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் இதை வாங்குங்கள். வெல்வெட்டின் குத்திட்டு நிற்கும் நுண்ணிழைகள் ஒருபுறம் தோலையும் மறுபுறம் விக்கின் உள்துணியையும் பற்றிக்கொள்கின்றன. பட்டியை முடி தொடங்கும் கோட்டுக்கு ஒரு விரல் அகலம் பின்தள்ளி வையுங்கள். அப்போதுதான் விக்கின் முன்விளிம்புக்கு வெளியே அது தெரியாது. பின்பக்கத்தில் எலும்புப் புடைப்புக்குக் கீழே மாட்டுங்கள். விரல் நுனி உள்ளே போகுமளவு தளர்வு இருக்க வேண்டும்.

சிலிக்கன் பட்டி சுத்தமான, உலர்ந்த தோலை மிக நன்றாகப் பிடிக்கும். ஆனால் அதற்குள் காற்றுப் புகாது. வியர்வை அடியில் தேங்கினால் வழுக்கத் தொடங்கும், தோலும் சிவக்கும். காரில் போய்க் குளிரூட்டிய மண்டபத்தில் சில மணிநேரம் இருந்துவிட்டு வருவதற்கு அது சரி. பஸ்ஸில் போய் வேலை செய்துவிட்டு வருபவருக்கு வெல்வெட்தான் பொருந்தும் என்பது என் கருத்து.

இலாஸ்டிக் தைத்தல்

இந்தப் பகுதியைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் மிகக் குறைந்த செலவில் மிகப் பெரிய உறுதியைத் தருவது இதுதான். விக்கின் உட்புறத்தில், ஒரு காதோரத்திலிருந்து மறு காதோரம் வரை பிடரியைச் சுற்றி ஓர் இலாஸ்டிக் பட்டியைத் தைத்துவிட்டால், அணியும்போது அது விக்கின் இரண்டு பக்கங்களையும் பின்னோக்கியும் கீழ்நோக்கியும் மெதுவாக இழுத்துப் பிடித்துக்கொள்ளும். முன்விளிம்பு தானாகவே நெற்றியில் படியும்.

தேவையானவை: 2.5 சென்டிமீற்றர், அதாவது ஓர் அங்குல அகலமுள்ள மென்மையான இலாஸ்டிக், விக்கின் உள்துணி நிறத்தில் பலமான நூல், ஊசி, நான்கு சட்டைப் பின்கள். புறக்கோட்டையில் கெய்சர் வீதி, பிரதான வீதிப் பக்கத்துத் துணிக்கடைகளுக்கிடையே தையல் சாமான் விற்கும் கடைகளில் இவை எல்லாம் கிடைக்கும். அங்கே குழந்தைகளின் காற்சட்டை இடுப்புக்குத் தைக்கும், வரிசையாகப் பொத்தான் துளையுள்ள இலாஸ்டிக் கிடைத்தால் அதையே வாங்குங்கள். ஒரு முனையைத் தைத்து, மறுமுனைக்கு ஒரு தட்டைப் பொத்தான் வைத்துவிட்டால், பிறகு இறுக்கவும் தளர்த்தவும் முடியும். முடி கொட்டி வளரும் காலத்தில் இது பெரிய வசதி.

ஒரு காதின் பின்புறத்திலிருந்து பிடரிப் பள்ளம் வழியாக மறு காதின் பின்புறம் வரை அளந்து, அந்த அளவிலிருந்து 3 முதல் 5 சென்டிமீற்றர் வரை குறைத்து இலாஸ்டிக்கை வெட்டுங்கள். விக்கை உட்புறம் வெளியே தெரியும்படி புரட்டி, முடியெல்லாவற்றையும் வாரி ஒரு கிளிப்பால் ஒதுக்கிக்கொள்ளுங்கள். காதின் முன்பக்கத்தில் நாக்குப்போல் இறங்கும் துணித்துண்டு ஒன்று இரண்டு பக்கமும் இருக்கும். அதன் மேற்பகுதியில், விளிம்புத் துணி தடித்திருக்கும் இடத்தில், இலாஸ்டிக்கின் முனைகளை முதலில் சட்டைப் பின்களால் மட்டும் பொருத்துங்கள். உடனே தைத்துவிடக் கூடாது. அப்படியே அணிந்துகொண்டு அரைமணி நேரம் வீட்டு வேலைகளைச் செய்யுங்கள். காதுக்குமேல் நோ எடுத்தால் இலாஸ்டிக்கைச் சற்று நீளமாக்குங்கள்; குனியும்போது விக் அசைந்தால் சற்றுக் குறையுங்கள். அளவு சரி என்று மனம் நிறைந்த பிறகே தைக்க வேண்டும்.

தைக்கும்போது இலாஸ்டிக்கின் முனையை ஒரு சென்டிமீற்றர் மடித்து, சதுரமாகச் சுற்றித் தைத்து, நடுவில் குறுக்காகவும் ஒரு தையல் போடுங்கள். நூலின் முடிச்சு தோலைத் தொடாத பக்கத்தில் இருக்கட்டும். வெறுந்தலையில் ஒரு சிறு முடிச்சுக்கூட மாலைக்குள் புண்ணாக்கிவிடும். முன்புறத்து வலைத்துணியில் எக்காரணம் கொண்டும் தைக்க வேண்டாம், அது கிழிந்துவிடும். முடியை வரிசையாகத் தைத்திருக்கும் நூல்களின் மேலும் ஊசி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கண்பார்வை ஒத்துழைக்காதவர்கள் அக்கம்பக்கத்தில் சேலை பிளவுஸ் தைக்கும் ஒருவரிடம் கொடுத்து, இந்த விளக்கத்தைச் சொன்னாலே செய்துதருவார்.

அணியும் முறை

கண்ணாடிக்கு முன்னால் நின்று, விக்கை உதறி, பின்புறத்துப் பட்டிகளையும் இலாஸ்டிக்கையும் விரித்துக்கொள்ளுங்கள். தலையைச் சற்று முன்னே குனிந்து, விக்கின் முன்விளிம்பை நெற்றியில் வேண்டிய இடத்துக்குச் சற்றுக் கீழே ஒரு கையால் அழுத்திப் பிடித்து, மற்றக் கையால் பின்புறத்தைத் தலைக்கு மேலாக இழுத்துப் பிடரிப் பள்ளம் வரை இறக்குங்கள். பிறகு நிமிர்ந்து, இரண்டு காதோரத் துண்டுகளையும் பிடித்து, முழுவதையும் மெல்லப் பின்னோக்கி நகர்த்துங்கள். முன்விளிம்பு புருவத்துக்கு நான்கு விரல் உயரத்தில், உங்கள் சொந்த முடிக்கோட்டில் வந்து நிற்க வேண்டும். அதற்கும் பின்னால் தள்ளினால் நெற்றி அகன்று தெரிவதோடு, பின்புறத்தில் தளர்வும் வந்துவிடும்.

காதோரத் துண்டுகள் இரண்டும் ஒரே உயரத்திலும், காதிலிருந்து ஒரே தூரத்திலும் இருக்கின்றனவா என்று விரல்களால் தடவிப் பாருங்கள். ஒருபக்கம் முன்னால் இருந்தால் விக் திரும்பியிருக்கிறது என்று பொருள். வகிட்டைப் பார்த்து நேராக்குவதைவிட இதைப் பார்த்து நேராக்குவது சரியாக வரும். பல விக்குகளில் இத்துண்டுகளுக்குள் வளையக்கூடிய மெல்லிய கம்பி வைத்திருப்பார்கள். அதை நெற்றிப்பொட்டோடு ஒட்டும்படி விரலால் வளைத்துவிட்டால், பக்கவாட்டில் காற்றுப் புகுந்து தூக்குவது நின்றுவிடும். முச்சக்கர வண்டியில் போகிறவர்களுக்கு இந்தச் சிறிய வேலை மிகவும் பயன்படும்.

முன்புறம் வலைத்துணி வைத்த விக்குகளைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த வலை பசையால் ஒட்டுவதற்கென்றே பெரும்பாலும் செய்யப்பட்டது. பசையில்லாமல் அணிந்தால் அதன் விளிம்பு வியர்வையில் சுருண்டு எழும். அதைக் கத்தரித்து முடி தொடங்கும் இடத்துக்கு மிகக் கிட்டக் கொண்டுவந்தால் ஓரளவு படியும். புதிதாக வாங்குபவர்கள் நெற்றியில் கொஞ்சம் முடி விழும் வெட்டாகத் தேர்ந்தெடுத்தால், முன்விளிம்பைப் பற்றிய கவலையே இருக்காது.

ஊசியும் சீப்புக் கிளிப்பும்

இவை தங்கள் தலையில் ஓரளவு பலமான முடி உள்ளவர்களுக்கு மட்டுமே. வெறுந்தலையில் அணியச் சீப்புக் கிளிப் உள்ள விக்கை வாங்கிவிட்டால், அந்தக் கிளிப்புகளைத் தையல் பிரித்து எடுத்துவிடுங்கள். அவை தோலைக் கீறும். முடி உள்ளவர்கள் நெளிவுள்ள பக்கம் தலையை நோக்கி இருக்கும்படி ஹெயார் பின்னைப் பிடித்து, விக்கின் தடித்த விளிம்புத் துணியினூடாகக் கீழேயுள்ள பின்னலுக்குள் செலுத்த வேண்டும். காதுகளுக்கு மேலே இரண்டு, பிடரியில் இரண்டு போதுமானவை. விக்கின் முடியை மட்டும் பிடித்துக் குத்திய ஊசி எதையும் நிறுத்தாது. ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில் குத்தினால் அந்த இடத்து முடி இழுபட்டு உதிரும். தினமும் ஒரு விரல் அகலமாவது இடம் மாற்றுங்கள். ஆண்கள் உச்சியில் மட்டும் வைக்கும் சிறிய விக்குக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும், ஏனென்றால் அது முழுக்கக் கிளிப்பையே நம்பியிருக்கிறது.

வெளியே போகுமுன் சோதித்தல்

எனக்குத் தெரிந்த அன்ரி ஒருவர், சிகிச்சைக்குப் பிறகு முதன்முறையாகக் கோவிலுக்குப் புறப்பட்டபோது வாசலில் நின்றுகொண்டு, “பிள்ளை, குனிஞ்சு கும்பிட்டா விழாதே?” என்று கேட்டார். “முதல் இங்கயே சாமி அறையில கும்பிட்டுப் பாருங்கோ அன்ரி” என்றேன். அவர் முழந்தாளிட்டு, நெற்றி நிலத்தில் படக் கும்பிட்டு எழுந்தார்; காதோரத் துண்டு ஒன்று அரை விரல் அளவு முன்னே வந்திருந்தது. இலாஸ்டிக்கை ஒரு பொத்தான் துளை இறுக்கி மறுபடியும் கும்பிடச் சொன்னபோது அசையவில்லை. நான் அறிந்த சோதனைகளில் இதைவிடச் சிறந்தது வேறில்லை. அதோடு தலையை இருபக்கமும் வேகமாகத் திருப்பி, மேலே அண்ணாந்து பார்த்து, மின்விசிறியை முழு வேகத்தில் போட்டு அதன்முன் பக்கவாட்டாக நின்று பாருங்கள். உள்ளங்கையால் உச்சியை முன்னும் பின்னும் நகர்த்தினால் தலைத்தோலும் விக்கும் சேர்ந்து அசைய வேண்டும். விக் மட்டும் தனியே நகர்ந்தால் இன்னும் வேலை இருக்கிறது.

சில சந்தர்ப்பங்கள்

கலியாண வீட்டுக்குப் போகிறவர்கள் பூச்சரத்தின் பாரத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். பின்புறத்தில் தொங்கும் பூ விக்கைப் பின்னோக்கி இழுத்து, முன்விளிம்பை நெற்றியிலிருந்து கிளப்பும். கீழே முடி இருந்தால் பூ குத்தும் ஊசி விக்கைக் கடந்து பின்னலைப் பிடிக்கட்டும். முடி இல்லையென்றால் ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம்; அதையும் உச்சிப் பக்கமாக வைக்காமல் பிடரிக்குக் கிட்ட வையுங்கள். நெற்றிச்சுட்டியைக் கொக்கியால் விக்கின் வகிட்டு முடியில் மாட்டாமல், உள்துணியோடு சேர்த்து ஊசியால் பிடிக்க வேண்டும்.

மோட்டார் சைக்கிளில் பின்னால் அமர்ந்து போகிறவர்களுக்குத் தலைக்கவசம் கட்டாயம். அதைக் கழற்றும்போதுதான் விக் கூடவே வரும் ஆபத்து. மெல்லிய வழுவழுப்பான சால்வை ஒன்றை விக்கின் மேல் கட்டிக்கொண்டு கவசத்தை அணியுங்கள். கழற்றும்போது ஒரு கையின் விரல்களால் காதோரத்தை அழுத்திப் பிடித்தபடி, கவசத்தைப் பக்கங்களில் விரித்து நேர்மேலே தூக்குங்கள். மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மழையில் நனைந்த நீண்ட விக் தண்ணீரின் பாரத்தால் பின்னே சரியும் என்பதால், அந்த மாதங்களுக்குத் தோளுக்கு மேலேயே நின்றுவிடும் குட்டை விக்கே நல்லது. செயற்கை இழை விக்கோடு அடுப்பங்கரைக்குள் போக வேண்டாம். கொதிக்கும் பாத்திரத்தின் ஆவியிலேயே முன்முடி சுருங்கிவிடும்.

பிடிமானம் குறையாமல் பராமரித்தல்

வெல்வெட் பட்டியில் வியர்வையும் தோலின் எண்ணெயும் படிந்தால் அதன் நுண்ணிழைகள் படுத்துவிடும். இரண்டு பட்டிகள் வைத்துக்கொண்டு, அன்றாடம் ஒன்றைக் கழுவி நிழலில் உலர்த்தி, மறுநாள் மற்றதை அணியுங்கள். விக்கைப் பொதுவாக எட்டுப் பத்து முறை அணிந்தபின் கழுவினால் போதும் என்பார்கள். கொழும்பில் தினமும் பஸ்ஸில் போய்வருபவர் அதற்கு முன்பே கழுவ நேரும். குளிர்ந்த நீரில் மென்மையான ஷாம்பூவைக் கரைத்து, கசக்காமல் அமிழ்த்தி எடுத்து, துவாயில் ஒற்றி, கம்பித் தாங்கியில் காய விடுங்கள். ஈரமான விக்கைப் பெரிய பந்தின் மேலோ பாத்திரத்தின் மேலோ கவிழ்த்து வைத்தால் உள்துணி இழுபட்டு, அளவே மாறிவிடும். கண்டிஷனரை முடியின் நுனிப்பகுதிக்கு மட்டும் பயன்படுத்துங்கள்; உள்துணியில் பட்டால் அது வழுக்கலை உண்டாக்கும், முடி கட்டிய முடிச்சுகளும் தளரும்.

வீட்டுக்கு வந்ததும் விக்கைக் கழற்றித் தலைக்குக் காற்றுப் படவிடுங்கள். விக்கோடு உறங்கக் கூடாது. கழற்றியபின் நெற்றியில் ஆழமான வரி நெடுநேரம் மறையாமல் இருந்தாலோ, காதோரத்தில் நோ இருந்தாலோ அடுத்தநாள் இலாஸ்டிக்கைத் தளர்த்துங்கள். தோலில் கொப்புளமோ புண்ணோ கண்டால் விக்கை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் காட்டுங்கள். சிகிச்சையில் இருப்பவர்கள் இதில் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. இலாஸ்டிக் வியர்வையில் நாளடைவில் இளகும். இழுத்து விட்டால் பழைய நீளத்துக்குத் திரும்பாத இலாஸ்டிக்கை மேலும் இறுக்கிப் பயனில்லை. தையலைப் பிரித்து, அதே அளவில் புதிய துண்டைத் தைத்துக்கொள்ளுங்கள்.